இருபத்தெட்டாம் எண்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் அந்தப் படம் வந்து விழுந்தது. நம் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம். ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது. ஆனால் தமிழ் ஐயாவின் பச்சை மை நேற்றுப் போட்டது போல இருக்கிறது. இருபத்தேழு நான். அடுத்த வரியில் இருபத்தெட்டு, உன் பெயர். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்திலும் வந்ததற்கான சாய்கோடு இருந்தது. வாயில் பற்பசை நுரையோடு வெகுநேரம் நின்றிருக்கிறேன் போல. என் மனைவி வந்து குழாயை மூடினாள்.

படத்தை அனுப்பியது சுடலைமுத்து. கடைசி பெஞ்சில் தூங்குவானே, அவனேதான். இப்போது பாளையங்கோட்டையில் பெரிய மனிதன். கல்லூரியில் பழைய மாணவர் வாரம் நடக்கப்போகிறது, ஒவ்வொரு வருடத்துக்காரர்களுக்கும் ஒரு நாள். நம் நாளுக்கு அவன்தான் எல்லாம். நம்முடைய அதே அறையில், அதே பெஞ்சுகளில் உட்கார்த்தி வைத்து, இந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடப்போகிறானாம். இறந்துபோன நான்கு பேருக்கும் பக்கத்து எண்காரன் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறான். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கண்ணீர் பொம்மை போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

அறை ஏற்பாடும் அவன்தான். வண்ணார்பேட்டையில் ஒரு லாட்ஜ், அறைக்கு இரண்டு பேர், வருகை எண் வரிசைப்படி. பதிவேட்டை அப்படியே பார்த்து எழுதி அனுப்பியவன் உன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டான். லாட்ஜிலிருந்து ஓர் ஆள் என்னைக் கூப்பிட்டு இருவருக்கும் ஆதார் நகல் வேண்டும் என்றார். கூட வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டார். ஆழ்வார்குறிச்சி என்று சொன்னேன். எத்தனை மணிக்கு என்றார். ஒன்பதரை மணிக்கு என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாற்பது வருடம் ஆகியும் உனக்காகப் பதில் சொல்லும் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

அது எவ்வளவு சின்ன விஷயமாகத் தொடங்கியது. உன் ரயில் வாரத்தில் மூன்று நாள் தாமதம். தமிழ் ஐயாவோ மூக்கு பதிவேட்டில் உரசும்படி குனிந்து, முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுக் கோடு போடுகிறவர். உனக்கு எப்போதும் லேசாகத் தொண்டை கட்டிய குரல். "உள்ளேன்" என்பதை இழுத்து, "ஐயா"வை விழுங்கிவிடுவாய். இரண்டு வாரம் பழகியதில் எனக்கு அது வந்துவிட்டது. என் எண்ணுக்கு என் குரல், உன் எண்ணுக்கு உன் குரல். முன் பெஞ்சுக்காரர்களே நீ வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நீ சொன்னாய்: "நாளைக்கு ஆத்துல புதுத்தண்ணி வருதாம்லே. அம்பாசமுத்திரத்துல எறங்கி ஒரு முங்கு போட்டுட்டு மதியம் வந்துருதேன். ஐயாட்ட நீ சொல்லிரு."

சொன்னேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு உன் குரலில் சொன்னேன். அன்று அது வழக்கத்தைவிட நன்றாக வந்தது. மதியம் நீ வரவில்லை. தண்ணீரில் கிடந்து மெய்ம்மறந்துவிட்டாய் என்று உன்னை மனசுக்குள் வைதுகொண்டே விடுதிக்குப் போனேன்.

மறுநாள் காலை உன் அப்பா கல்லூரிக்கு வந்துவிட்டார். முதல்வர் அறையில் பதிவேடு விரிந்து கிடந்தது. நேற்றுக் காலையில் பையன் வகுப்புக்கு வந்திருக்கிறானே என்று முதல்வர் அந்தக் கோட்டைக் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பக்கத்தில் இருந்தவன் நீதானே, வந்தானா?" என்று கேட்டார். அதற்கு முந்தின மாதம்தான் பிராக்ஸி கொடுத்த ஒருவனை நீக்கியிருந்தார்கள். நான் உதவித்தொகையில் படிக்கிறவன். உன் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா சார், இருந்தான்" என்றேன்.

நான் கோழை. இதை உன்னிடம் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஒரு சொல்லால் தேடல் முழுக்கத் திருநெல்வேலிக்குள்ளேயே நடந்தது. குறுக்குத்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று ஒவ்வொரு படித்துறையாக உன் அப்பா இறங்கி ஏறினார். நானும் கூடவே நடந்தேன். நீ யார் வீட்டிலோ இருக்கிறாய், எப்படியும் வந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவர் எனக்குத் தோசை வாங்கித் தந்தார். தின்றேன்.

மூன்றாம் நாள் சேரன்மகாதேவிப் பக்கம் அணைக்கட்டு மதகில் நீ கிடைத்தாய். செய்தி பரவியதும் அம்பாசமுத்திரத்திலிருந்து எருமை குளிப்பாட்டுகிற ஒருவர் உன் பையையும் சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய் காலை எட்டரைக்கே படித்துறையில் கிடந்ததாம். சோற்று வாளி திறக்காமலே இருந்தது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்துவிட்டதால் உன் அம்மாவுக்கு முகத்தைக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் துணியை விலக்கவில்லை. நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அவள் உன்னைப் பார்த்திருப்பாள்.

பிறகுதான் ஊர் கணக்குப் போட்டது. எட்டரைக்கு ஆற்றோடு போனவன் பத்து மணிக்கு வகுப்பில் எப்படி இருந்தான்? பதிவேடு சொல்கிறது, பக்கத்தில் இருந்தவனே சொல்கிறான். உயிர் போன பிறகும் பிள்ளை படிக்க வந்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் உன் வீட்டுக்குப் போனபோது என் கையைப் பிடித்து, நீ எந்தச் சட்டையில் வந்திருந்தாய் என்று கேட்டாள். நீலச் சட்டை என்றேன்.

அது வரை பேய் என்று ஒன்று இருந்ததென்றால் அது நான் செய்த பேய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஒன்று நடந்தது. தமிழ் ஐயா பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இருபத்தேழு. சொன்னேன். பழக்கதோஷத்தில் நிறுத்தாமல் இருபத்தெட்டு என்றுவிட்டார்.

"உள்ளேன் ஐயா."

தொண்டை கட்டிய குரல், கடைசியை விழுங்கிய குரல். ஐயா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். எல்லோரும் நம் பெஞ்சைப் பார்த்தார்கள். என் வாய் மூடியிருந்தது. மூடியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. ஐயா பதிவேட்டை மூடிவிட்டு வெளியே போனார். மறுவாரம் அந்த வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்தார்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், உன் தங்கை செண்பகம் வருகிறாள். சுடலைமுத்து அவளையும் அழைத்திருக்கிறான். போன வாரம் என்னைக் கூப்பிட்டுப் பேசினாள். நீ வகுப்புக்கு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமையையே அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். இருபத்தெட்டைக் கூப்பிடும்போது தான் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். "அன்னைக்கு வந்தவன் இன்னைக்கு வர மாட்டானா அண்ணாச்சி?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

பயணத்தையே ரத்து செய்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாமல் இன்று, அந்தப் படம் வந்த பிறகு, அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லிவிட்டுப் போனது, நான் உன் குரலில் பேசியது, முதல்வர் அறை, தோசை, நீலச் சட்டை. பின்னால் குக்கர் விசில் அடித்தது, அவள் எழுந்து போகவில்லை. கடைசியில்தான் பேசினாள்.

"அம்மைக்கு மொகத்தக் காட்டலியே அண்ணாச்சி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"செவ்வாக்கெழம சொன்னது நீங்க. சரி. அந்தத் திங்கக்கெழம சொன்னது யாரு?"

அவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே பையன்கள் உன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

"அப்பம் நான் வாரேன். ஒங்க பக்கத்துலதான் இருப்பேன், ஒங்க வாயப் பாத்துக்கிட்டு. அன்னைக்கு நீங்க மட்டும் தொறக்கப்பிடாது."

வைத்துவிட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று "உள்ளேன் ஐயா"வை உன் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எனக்கு அறுபது ஆகிறது, கூப்பிட்டால் என் குரலே இரண்டாகக் கிழிகிறது. உன் குரல் அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வயதில் எப்படி இருந்ததோ அப்படி, ஒரு நரையும் விழாமல், என் தொண்டைக்குள் இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து என் மனைவி யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

டிக்கெட் போட்டாகிவிட்டது, வருகிறேன். வாயை இறுக மூடிக்கொண்டு உன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சுடலைமுத்து உன் எண்ணைக் கூப்பிடுவான். அறையில் ஒன்றும் கேட்கவில்லையென்றால் அந்தத் திங்கட்கிழமையும் நான்தான் என்று ஆகிவிடும். செண்பகத்துக்கு அண்ணன் முழுசாகப் போய்விடுவான். இத்தனை வருடம் நீ வந்துவிடக் கூடாதே என்று பயந்து கிடந்தவன் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன்.

ஒரே ஒரு தடவை, நீயே வந்து சொல்லிட்டுப் போலே.