துலக்கிய காசு

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை. சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் குமட்டிக்கொண்டு கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்று கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் கத்திவிடுவேன், பக்கத்து அறையில் அத்தை இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதம்.

மாமாவின் காசுப் பெட்டி விஷயம். அவர் அப்பா வழியாக வந்த பழைய காசுகளை மதிப்புப் போட்டு விற்றுவிடுவது என்று நீங்களும் உங்கள் அண்ணனும் பேசி முடித்தபோது, அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். மாமாவின் விரல் பதிந்த செம்புக் காசு மட்டும் தனக்கு வேண்டும், மிச்சத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். நீங்களும் போனில், “அது உனக்குத்தாம்மா, அதுல யாரு கை வைக்கப் போறா” என்றீர்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றைக்கு அத்தை நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அந்த விரல் பதிந்த கதை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்போது இங்கே இல்லை. மாமா காசை எப்போதும் விளிம்பில் பிடித்துத்தான் எடுப்பார், காசின் முகத்தில் விரல் படவே விடமாட்டார். நாம் யாராவது அப்படியே எடுத்துவிட்டால் லேத் பட்டறையில் வேலையாளைத் திட்டுவதுபோலத் திட்டுவார். கடைசிக் காலத்தில் கை நடுங்க ஆரம்பித்ததும் விளிம்பு பிடிபடவில்லை. அந்தக் காசு நழுவப் பார்த்தது, பெருவிரலை அழுத்திப் பிடித்துவிட்டார். பெட்டியை ஏந்திக்கொண்டிருந்தது அத்தைதான். “போச்சு, நானே கெடுத்துட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாராம். செம்பு அப்படித்தான், பட்ட விரலை விடாது. அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால் ரேகை கருத்து, துல்லியமாக நிற்கிறது. லேத்தில் வெட்டுப்பட்ட தழும்புகூடக் குறுக்கே ஒரு கோடாகத் தெரிந்தது. அவரை எரித்தாகிவிட்டது. அவர் உடம்பின் அடையாளம் என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

காசுக் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம். மெத்தென்ற துணியை விரித்து, விளக்கடியில் ஒவ்வொரு காசையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தலை உருவத்தில் கன்னமும் முடியும்தான் முதலில் தேயுமாம், அதனால் அதைத்தான் முதலில் பார்த்தார், பிறகு எழுத்து, பிறகு விளிம்பு. பெட்டியில் பாதிக்கு மேல் மொட்டையாகத் தேய்ந்தவை என்று ஒதுக்கிவிட்டார். அத்தையின் காசை எடுத்ததும் லென்ஸை இறக்கவே இல்லை. முடி ஒவ்வொன்றும் எண்ணலாம்போல இருக்கிறது, இந்தப் பெட்டியிலேயே இதுதான் ராஜா, விரல் மட்டும் படாமல் இருந்திருந்தால் இதன் கதையே வேறு என்றார். போகும்போது வாசலில் நின்று, “எதையும் கழுவிடாதீங்க. அழுக்கோட இருக்கட்டும், அந்த நெறம் வர எத்தன வருஷமாச்சோ” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உங்கள் அண்ணன் நன்றாகத் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் உங்கள் அண்ணன் மாடிக்குப் போய் உங்களோடு போனில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் லீவு விஷயமாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பின்கட்டுக் குழாயடியில் சரக் சரக் என்று தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தேன். உங்கள் அண்ணன் பனியனோடு குந்தி உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு அந்தக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பவுடர் காய்ந்தால் வாயிலிருந்து எச்சிலைத் துப்பிக் குழைக்கிறார், மறுபடி தேய்க்கிறார். கையில் இருந்தது அத்தையின் பல் துலக்கும் பிரஷ். ஏன் இது என்று கேட்டால், “அதுதான் மெத்துன்னு இருக்கு, கீறாது” என்கிறார்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள். சளியும் மலமும் மூத்திரமும் நாள் முழுக்க என் கை வழியாகத்தான் போகிறது. அருவருப்பு என்பது எனக்கு மறந்துபோன சமாச்சாரம் என்று நீங்களே கிண்டல் செய்வீர்கள். அன்றைக்குக் குழாயடியில் அது எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. பிரஷைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். காசைப் பிடுங்கிப் பார்த்தேன். புதுச் செம்புக் கம்பியை உரித்ததுபோல இளஞ்சிவப்பாகப் பல்லிளித்தது. ரேகை இல்லை. அந்தத் தழும்புக் கோடும் இல்லை. மாமா அதற்குள் கழுவி வடிந்து சாக்கடைக்குப் போய்விட்டார்.

உங்கள் அண்ணனுக்கோ ஒரே பூரிப்பு. உடனே அந்தக் கடைக்காரரைத் திரும்ப வரச் சொன்னார். அவர் காசைப் பார்த்தார், லென்ஸை எடுக்கக்கூட இல்லை. “யாருங்க இதுக்கு மொட்டை போட்டது?” என்றார். முகம் பூரா மயிரிழைபோலக் கீறல், நிறம் செத்துப்போயிற்று, இனி இது வெறும் செம்பு எடைக் கணக்குதான் என்று சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அருவருப்புத்தான். அப்போதும் உங்கள் அண்ணனுக்கு வெட்கம் வரவில்லை, நஷ்டமாகிவிட்டதே என்றுதான் முகம் தொங்கியது.

கடைக்காரர் போனதும் உங்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற தாய் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள், அதில் கை வைக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, “என்ன எதுக்கு கேக்குற? உன் வீட்டுக்காரனக் கேளு. பழசத் துடைக்காம வித்தா பாதி வெலதான்னு அவன்தான் சொன்னான். கடைக்காரர் வேண்டாம்னு ஒதுக்குன காசுல நல்லதா ஒண்ணு எடுத்து அம்மாவுக்குக் குடுத்துடு, அவங்களுக்கு எங்க தெரியப்போகுதுன்னு சொன்னதும் அவன்தான்” என்றார்.

நான் அவரைப் பொய்யன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பொய் சொல்லத் தயங்குகிற ஆள் இல்லை அவர், அது எனக்குத் தெரியும். ஆனால் பழசைத் துடைக்காமல் விற்றால் பாதி விலை என்பது அவர் பேச்சு இல்லை. நீங்கள் பழைய கார் வியாபாரத்தில் சேர்ந்த நாளிலிருந்து உங்கள் வாயில் நான் கேட்டுக் கேட்டு அலுத்த பேச்சு அது. அவர் அதைச் சொன்னபோது இழுத்த இழுப்புகூட உங்களுடையதுதான். உங்கள் அண்ணன் செய்ததைப் பார்த்து வந்த குமட்டல் ஒரு நாளில் போய்விட்டது. இது போகமாட்டேன் என்கிறது.

தேய்ந்த காசு ஒன்றை எடுத்து, நீயே அம்மாவிடம் கொடுத்துவிடு, நீ கொடுத்தால் சந்தேகப்பட மாட்டார்கள் என்று உங்கள் அண்ணன் என் கையில் திணித்தார். அதை அவர் காலடியிலேயே போட்டுவிட்டு வந்தேன். துலக்கிய காசு என்னிடம்தான் இருக்கிறது.

அத்தைக்கு இன்னும் எதுவும் தெரியாது. பிரஷைக் காணோம் என்று தேடினார்கள், புதிது வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்து முடித்துவிட்டாரா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை அத்தை என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காகவும் உங்கள் அண்ணனுக்காகவும் நான் சொன்ன பொய் அது. இன்னொரு தரம் என்னால் முடியாது.

லீவு போட்டு வாருங்கள். உங்கள் அண்ணன் சொன்னது பொய் என்றால் அத்தையின் எதிரிலேயே அதைச் சொல்லுங்கள், நம்பியதற்கு உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பொய் இல்லை என்றாலும் வாருங்கள். காசை நான் கொடுக்கப்போவதில்லை. நீங்கள்தான் உங்கள் கையால் எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைக்கும்போது என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் அந்த அறையில் இருக்கமாட்டேன்.

உங்களை ஆண்டவன் நல்லபடியாக வைத்திருக்கட்டும். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து அத்தை அந்தக் காசுக்கு ஒரு பை தைத்திருக்கிறார்கள். துணி உரசி ரேகை அழிந்துவிடக் கூடாது என்று உள்ளே பஞ்சு வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி