உன் கையில் இருக்கும் நாலு தழும்பு

சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலையாக இருக்கும் என் மூத்த மகன் ரகுபதிக்கு, திருவொற்றியூர் குப்பத்திலிருந்து உன் அம்மா அங்கம்மா எழுதிக்கொண்டது. வடிவுடையம்மன் காவலில் நீயும் மருமகளும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தம்பி திருமலையும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. எப்போதும் எழுதிக் கொடுக்கிற சிலுவைமுத்துவிடம் இந்தத் தடவை போகவில்லை, அவன் வாயில் ஒன்றும் தங்காது, குழாயடிக்குப் போய்விடும். என்னுடையது மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாக இருந்தாலும் கடைசிவரை படி நைனா, பாதியில் மடித்து வைக்காதே.

உன் மேல் எனக்கு வருத்தம். நீ தம்பிக்குப் போட்ட கடிதத்தை அவன் குழாயடியில் நின்று எல்லாருக்கும் உரக்கப் படித்தான். கிடங்குக்காரன் கட்டாயப்படுத்தினால் பணியாதே, நம் உடம்பு நம்முடையது, கையைக் கொடுக்காதே என்று எழுதியிருந்தாயே. படித்து முடித்து என் பக்கம் திரும்பி, அண்ணனே சொல்லிக்கீது, நீ இன்னா சொல்றே இப்போ என்று கேட்டான். குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். ராயபுரத்தில் அவன் மூட்டை தூக்குகிற கிடங்கில், அம்மை குத்திக்கொள்ளாதவன் கேட்டுக்குள் வரக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவனும் இன்னும் சில பேரும் வெளியே நின்று கூச்சல் போட்டார்கள். மேஸ்திரி பொன்னுரங்கம் நல்ல மனுஷன், ஆவணி பிறக்கிறவரை திருமலை இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டேன் என்றிருக்கிறார், அதற்கு மேல் அவர் கையில் இல்லை. மற்றவர்கள் ஆத்தா கோயிலில் கூழ் வார்த்து முடிந்ததும் குத்திக்கொள்கிறோம் என்று இறங்கி வந்துவிட்டார்கள். உன் தம்பி மட்டும் அப்போதும் மாட்டேன் என்கிறான். கேட்டால் உன் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறான்.

கிடங்குக்காரர்கள் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் சில பேருக்கு இடது கையில் குத்தினார்கள், இவர்களுக்கு மூட்டை ஏறுவது அந்தத் தோளில்தான். புண் உடைந்து சீழ் வைத்துக் காய்ச்சலில் கிடந்தார்கள், கிடந்த நாளுக்குக் கூலி கிடையாது. வலது கையில் குத்துங்க சாமி என்று கேட்டதற்கு, சட்டம் பேசாதே என்று விரட்டினார்களாம். இந்த வருஷம் போலீசை நிறுத்தி ஆட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறார்கள், திருமலை சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். மனுஷனை மனுஷனாகக் கூப்பிட்டிருந்தால் பாதிப் பேர் தானாகப் போயிருப்பார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கோபம் வந்து மூத்திரச் சந்தில் படுத்தால் நாற்றம் யாருக்கு, கிடங்குக்காரனுக்கா. மேட்டுத் தெருவில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறது, நான் தினம் அதைத் தாண்டித்தான் மீன் விற்கப் போகிறேன்.

உன் தங்கை குணசுந்தரி பங்குனியில் போனதை சிலுவைமுத்து ஒரு வரியில் எழுதியிருப்பான். அவளுக்கு முகம் எது முதுகு எது என்று தெரியாத அளவுக்கு முத்து போட்டிருந்தது. வாழையிலையில் கிடத்தியிருந்தோம். ஆத்தா கொண்டுபோன வீட்டில் அழக்கூடாது, அழுதால் அவளுக்குக் கோபம் வந்து அடுத்த ஆளைத் தொடுவாள் என்று எல்லாரும் என் வாயைப் பொத்தினார்கள். நானும் திருமலையைப் பார்த்துக்கொண்டே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். எரிக்காமல் மண்ணில் வைத்தார்கள். ஒப்பாரி இல்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. ஒரு கோழி செத்தால் போடுகிற சத்தம்கூட இல்லாமல் என் பெண்ணை அனுப்பினேன்.

போன வாரம் நம் தெருவுக்கே அம்மை குத்துகிற வண்டி வந்தது. அமீருதீன் என்று ஒரு பெரியவர், கூட ஒரு போலீஸ்காரர். வண்டியைப் பார்த்ததும் கதவெல்லாம் சாத்திக்கொண்டது. ஊர்ப் பெரியதனக்காரர் குறுக்கே வந்து, ஊருக்குக் காப்பு கட்டிக்கீது பாய், கூழ் வார்க்கறவரிக்கும் ஒருத்தர் மேலயும் ரத்தம் பாக்கக் கூடாது, போய்ட்டு வா என்றார். நான் வெளியே போய் எனக்குக் குத்துங்க என்று கையை நீட்டினேன். இன்னா அங்கம்மா, ஊர்க் கட்டு தெரியாதா உனக்கு என்று அதட்டினார். நேத்து கெளுத்தி முள்ளு குத்தி என் கையில ரத்தம் கொட்டிச்சே, அப்போ ஊர்க் கட்டு எங்க போச்சு, கெளுத்திக்கு யாரும் சொல்லலையா என்றேன். சாத்தின கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திருமலை பார்த்தால் அவனும் வருவான் என்று நினைத்துத்தான் நீட்டினேன். அமீருதீன் பாய் கீறிவிட்டு, வலிக்குதாம்மா என்று கேட்டார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. ஆமா வலிக்குது என்றேன். அவ்வளவுதான், தெருமண்ணில் உட்கார்ந்து அழுதேன், பங்குனியில் அடைத்து வைத்ததெல்லாம் வந்தது, நிறுத்த முடியவில்லை. ஒரு கீறலுக்கா இந்தக் கெய்வி இப்படி அழுவுது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நான் எதற்கு அழுதேன் என்று திருமலைக்குத் தெரியும், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், மறுநாள் என் கை வீங்கியிருப்பதைப் பார்த்து மீன்கூடையைக் காசிமேட்டிலிருந்து அவனே சுமந்தான். கையை மட்டும் நீட்டவில்லை.

நீ கப்பல் ஏறியபோது யாரைக் கேட்டாய் நைனா. குத்தின முத்திரை இல்லாமல் ஏற்றமாட்டான் என்று சொல்லி நாலு கீறலும் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு வந்தாய். அந்தத் தழும்பு உன் கையில் இருக்கிறது, சட்டையைத் தூக்கிப் பார். கப்பலுக்குக் கொடுத்த கையைத் தம்பி உயிருக்குக் கொடுக்கக் கூடாதா. அதை அவனுக்கு எழுது. காய்ச்சல் நாளுக்குக் கூலி கேட்கட்டும், வலது கையில் குத்தச் சொல்லிச் சண்டை போடட்டும், நானும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டில் வந்து உட்காருகிறேன். குத்திக்கொண்டு கேட்கட்டும் என்று எழுது.

கூரைக்கு ஓலை மாற்றியாயிற்று. மருமகளுக்கு நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறேன், ஆள் போனால் கொடுத்தனுப்புகிறேன். மழையில் நனைந்துகொண்டு வேலை பார்க்காதே. ஆத்தா உங்கள் இரண்டு பேரையும் கண்ணால் மட்டும் பார்க்கட்டும், கையால் தொட வேண்டாம். பதிலை ஆவணிக்குள் கிடைக்கிற மாதிரி இன்றைக்கே தபாலில் போடு. இன்னொரு பிள்ளையை அழாமல் அனுப்ப என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன் அம்மா அங்கம்மா