மானை இறக்கும் செலவு

ஜூன் 14
காலை 9.10-க்கு மாநில வனவிலங்குத் துறையின் மின்னஞ்சல். குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது: மலையின் வடக்குச் சரிவில் ஓர் எல்க் மானை வேட்டையாட அனுமதிச் சீட்டு, அக்டோபர் 26 முதல். ஐந்து வருட விண்ணப்பம். கையில் தொள்ளாயிரம் டாலர். கடன் அட்டையைத் தொடுவதில்லை.

ஜூன் 22
பூட்ஸ் 260, தோட்டாக்கள் 90. துப்பாக்கி அப்பாவுடையது.

ஜூலை 19
தொலைநோக்கி, தள்ளுபடி போக 380. டயர் கடையில் என்னோடு வேலை செய்யும் டெல் கண்ணில் வைத்துப் பார்த்தான்.
"நல்லாத்தான் தெரியுது. அடிச்ச மானை எப்படி இறக்குவே ஆஸ்ட்ரிட்? இதுல பார்த்துக்கிட்டேவா?"
வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். மீதி 170-உம் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும். போவதற்கு எல்லாம் எழுதியிருக்கிறேன். நூறு கிலோ கறியோடு நாலு மைல் திரும்புவதற்கு ஒரு வரிகூட இல்லை — எப்படி விட்டேன்?

ஜூலை 20
தள்ளுபடிப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

ஆகஸ்ட் 3
பள்ளத்தாக்கில் லொரெய்ன் ஸ்பைசரிடம் இரண்டு கோவேறு கழுதைகள். கறி இறக்க நாளுக்கு 250 வாங்குபவர். காசுக்குப் பதில் ஒரு பின்னந்தொடை தருவதாகச் சொன்னேன்.
"வேட்டைக் கறியக் கூலியாக் குடுக்கறது சட்டப்படி தப்பு. அதுகூடத் தெரியாம சீட்டு வாங்கிட்டியா?" பிறகு வயலைக் காட்டினார். "நானூறு கட்டு வைக்கோல் கிடக்கு. வண்டியில ஏத்து, கூலிக்குக் கழிச்சுக்கறேன்."

செப்டம்பர் 8
வைக்கோல் முடிந்தது. பூட்ஸும் காலுக்குப் பழகிவிட்டது.

அக்டோபர் 27
நேற்று காலை 8.40. எதிர்ச்சரிவில் பாறை என்றே நினைத்தேன். தொலைநோக்கியில் பார்த்தால் காது அசைந்தது. பெண் மான். அரை மணி நேரம் ஊர்ந்து நெருங்கினேன். ஒரே தோட்டா.
பிறகுதான் பயம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கறி கெட்டால் ஐந்து வருடமும் போச்சு, வேறென்ன? சிக்னல் கிடைக்க முகட்டுக்கு ஏறி லொரெய்னுக்குப் போன் செய்தேன். துண்டுபோட்டு நிழலில் தொங்கவிட்டு முடிப்பதற்குள், இரண்டு மணிக்கு வந்துவிட்டார்.
"உன் கோட்டுல இன்னும் வைக்கோல் வாடை. வழி காட்டவே வேணாம், கழுதைங்களே உன்னைத் தேடி வந்துடுச்சு."
இருட்டும் முன் எல்லாம் கீழே. எதுவும் கெடவில்லை.

நவம்பர் 1
டெல்லும் நானும் சமையலறையில் கறி வெட்டினோம். ஒரு பின்னந்தொடையை லொரெய்னிடம் கொண்டுபோனேன். கூலி தீர்ந்துவிட்டது, இது சும்மா என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.
பெட்ரோலில் மிஞ்சிய 38 டாலர், மீதிக் கறியை அரைத்துத் தொத்திறைச்சி (சாசேஜ்) செய்யும் கூலிக்குப் போனது. கசாப்புக் கடைக்காரர் சனிக்கிழமை, 9-ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று சமையல் லொரெய்ன் வீட்டு அடுப்பில். ரொட்டி டெல்லின் பொறுப்பு.