ஆள் மாறி விழுந்த கல்

பழனி,
மாசி, 1959

அத்தானுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்றே இதை எழுதுகிறேன். இரண்டு தீபாவளி போய்விட்டது. பினாங்கில் வேலை மும்முரம், எழுத நேரம் கிடைத்திருக்காது.

உங்கள் பழைய சிநேகிதர் சேனாதிபதி அண்ணன் ஜீப் வாங்கியிருக்கிறார். போன வாரம் அவரும் அவர் மனைவி விசாலாட்சியும் என்னைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் அண்ணன் வேடிக்கையாகப் பேசிக்கொண்டே வந்தார். விசாலாட்சி என் கையை விடவேயில்லை.

பண்ணைக்காட்டுப் பக்கம் இறங்கினோம். அந்தக் காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள் அங்கே இருக்கின்றன. விறகோடு வந்த மலைக்காரர் சங்கிலி, "செத்தவுகள நெனச்சு உள்ள ஒரு கல்லப் போட்டுட்டுப் போவோம் தாயி" என்றார்.

விசாலாட்சி தன் தாய்க்குப் போட்டாள். நான் அப்பாவுக்குப் போட்டேன். அண்ணனும் ஒரு கல்லை எடுத்தார்.

"யாருக்குண்ணே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டார். அவர் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், அத்தான்.

நான் குனிந்து அந்தக் கல்லை வெளியே எடுத்தேன்.

"போட்டத எடுக்கக் கூடாது தாயி!" என்று சங்கிலி பதறினார்.

"இது ஆள் மாறி விழுந்துருச்சுங்க" என்றேன்.

திரும்பும்போது அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

கல் அடுப்படியில் கிடக்கிறது. அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் உங்கள்மேல்தான். வந்து, உங்கள் கையாலேயே அதைத் தெருவில் வீசுங்கள்.

இன்று காலையும் குங்குமம் வைத்துக்கொண்ட,
உங்கள் மனைவி