வெள்ளை முகமூடியில் உன் பல்தடம்

இன்று காலை உன் மகள் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். "அம்மான்ர திங்ஸ். யூ கீப் இட், அன்ரி" என்றவள் உள்ளே வராமலே போய்விட்டாள். மூடியைத் திறந்ததும் கராம்பு மணம். ஆடுவதற்கு முன் நீ வாயில் போட்டுக்கொள்வாயே, அதே மணம். உள்ளே உன் வெள்ளை முகமூடி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். முகத்தோடு பிடித்துக்கொள்ள நீ கவ்வும் தோல் துண்டில் உன் பற்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. உன்னைத் தகனம் செய்து மாதங்களாகின்றன. பல்தடம் மட்டும் நேற்றுப் பதிந்தது போலிருக்கிறது.

ஆஸ்திரேலிய விசாவுக்காக இந்தோனேசியாவில் காத்துக் கிடந்த வருடங்களில், அந்த ஊர்க்காரியான பக்கத்து வீட்டுக்காரியிடம் நீ பழகிய முகமூடி ஆட்டம் இது. "வெள்ளை எண்டால் இப்ப பிறந்த பிள்ளை. அதுக்கு ஊர், நாடு ஒண்டும் தெரியாது" என்பாய். கோபத்துக்குச் சிவப்பு முகமூடி உண்டாம். அதையும் கொண்டுவந்திருக்கலாமே என்றேன். "அது எங்களிட்ட ஏற்கெனவே இருக்குதானே, எடி" என்று சிரித்தாய்.

இங்கே மெல்பேர்ன் நோபல் பார்க்கில் நம்மவர்களின் கலைவிழாவுக்குப் பெயர் கொடுக்கப் போனோம். "இது எங்கட கலை இல்லையே, தங்கச்சி" என்று இழுத்தார் விழாக்கார அங்கிள். "எங்கட சனம் அங்க எத்தினை வருஷம் கிடந்தது, அங்கிள்? என்ர பிள்ளை பிறந்ததும் அங்கதான். பிறகெப்பிடி எங்கட இல்லை?" என்றாய். அவர் உன் பெயரை எழுதிக்கொண்டார்.

மேடையில் மேளமும் மணியும் அதிர, நீ அசைகிறாயா என்றே தெரியவில்லை. "எப்ப தொடங்குவா?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் காரில் நீதான் என்னை ஆற்றினாய். "எவ்வளவு இரைச்சலெண்டாலும் ஆடாமல் நிக்கிறதுதான் இந்த ஆட்டம். நாங்களும் அங்க அப்பிடித்தானே நிண்டனாங்கள்."

"வாய் திறந்தால்?"

"விழுந்திடும். அதால போட்டிருக்கேக்க அழேலாது."

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையிலும் நீ அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அது பொறுக்கவேயில்லை.

இப்போது குசினியில் தனியாக இருக்கிறேன். அந்தத் தோலை நானும் கவ்விப் பார்த்தேன். உன் தடத்தில் என் பற்கள் பொருந்தவில்லை. ஆனாலும் முகமூடி நின்றது. கண்துளை வழியே நீ வழக்கமாக இருக்கும் கதிரை தெரிந்தது. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். முகமூடி மடியில் விழுந்தது.

துடைத்து, கராம்பு ஒன்று போட்டு, பெட்டியை மூடிவிட்டேன். நீ அழாமல் விட்டுப்போனதையும் சேர்த்து நான்தான் அழுகிறேன், எடி.