முழுப் பேர்

ஐப்பசி 12, வியாழக்கிழமை. கிள்ளான்.

என் பிள்ளை போய் இன்றைக்கு ஒன்பது நாள். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, பேர் எழுதும் கிராணி, "இனிமே ஒனக்கு முழுப் பேரு போடலாம்மா. நடுவுல பால் குடுக்க ஓட வேணாமே" என்றார். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார். பிள்ளை இருந்தவரை பத்து மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை விட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஓடுவேன். அதனால் எனக்கு அரைப் பேர், அரைக் கூலி. பிள்ளையின் அப்பாவுக்கு என்றைக்கும் முழுப் பேர்தான்.

இன்றைக்கும் பத்து மணிக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. பிள்ளை அழுவது கேட்டது போலிருந்தது. கால் தானாகப் போய்விட்டது. கொட்டகையில் அழுதுகொண்டிருந்தது அஞ்சலையின் பிள்ளை. அஞ்சலை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஆயா கஞ்சித்தண்ணீரை வைத்துக்கொண்டு, "துப்புது புள்ள. நீயாச்சும் குடுத்துப் பாரேன்" என்றாள். மடியில் வாங்கிக்கொண்டேன். என் பிள்ளை மாதிரியே வயிற்றில் உதைத்துக்கொண்டு குடித்தது.

திரும்பி வந்ததும் கிராணி அரைப் பேர் போட்டார். "அடுத்தவ புள்ளைக்கு எவன் கூலி குடுப்பான்?" என்றார்.

வீட்டுக்காரருக்கும் கோபம். "போனது திரும்பி வராது. நாளைக்கு அங்க போகாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாளைக்கும் போவேன். அது எனக்கே தெரிகிறது. அஞ்சலை பிழைத்து வரவேண்டும் என்று கும்பிட விளக்கு முன்னால் நின்றேன். வாய் வரவில்லை.