பன்னிரண்டு செட்டும் ஒரு புகாரும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அதே தொல்லை. மூன்றாம் டிவிஷன் சூப்பர்வைசர் "கொழுந்து எடை முடிஞ்சது, லாரி அனுப்புங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு குரல்: "ஆறாம் நம்பர் ரூமுக்கு ரெண்டு சுலைமானி டீ." மேட்டில் புதிதாக வந்திருக்கும் ரிசார்ட்டின் வாக்கி-டாக்கி. அவர்கள் பேசுவதும் நாங்கள் பேசுவதும் ஒரே அலைவரிசையில் விழுகிறது. முதலில் வேடிக்கையாக இருந்தது. "சீனி போட்டா, போடாமயா?" என்று நானே ஒருநாள் கேட்டேன். மூணாறிலிருந்து இவ்வளவு தள்ளி, செல்போன் எடுக்காத தேயிலை மலை. ஆபீஸில் என் மேசையில் ஒரு வயர்லெஸ் செட், மலையில் பதினொன்று. வேறு வழி எங்களுக்குக் கிடையாது.

ஜூன் 5

மூன்றாம் டிவிஷனில் கொழுந்து கிள்ளும் குருவம்மாளுக்குக் கால் ஒடிந்துவிட்டது.

காலை பத்தேகால் இருக்கும். யானைக் காவலுக்கு நிற்கும் வாட்சர் செட்டில் கத்துகிறார், "யானை இறங்குது, மேல் பாதை—" அவ்வளவுதான் கேட்டது. மேல் பாதை வேண்டாம் என்கிறாரா, மேல் பாதையில் போங்கள் என்கிறாரா? "திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்டேன். டவல், டாக்சி, செக்-அவுட் என்று ரிசார்ட்டுக்காரர்கள் ஓயவே இல்லை. சூப்பர்வைசர் பெண்களை மேல் பாதையில் அனுப்பிவிட்டார். எதிரே யானை. கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியதில் குருவம்மாள் வடிகால் கானுக்குள் விழுந்திருக்கிறாள். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சகாயம்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தொடை எலும்பு. மூன்று மாதம் நடக்க முடியாதாம்.



ஜூன் 6

வயர்லெஸ் இலாகாவுக்குப் புகார் எழுதினேன். மேனேஜர் சிவப்பிரகாஷ் சார், "வேண்டாம் நிமி, ரிசார்ட்டுல நேர்ல பேசிக்கலாம்" என்றார். எத்தனை நாளாகப் பேசிக்கலாம், பேசிக்கலாம்? அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அனுப்பிவிட்டேன். என் பெயரிலேயே.

ஜூன் 19, வியாழன்

வந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு பெட்டி நிறையக் கருவி. முதலில் ரிசார்ட்டு. அங்கே எட்டு செட்டையும் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தார்கள். நான் சந்தோஷமாக டீ சொல்லி அனுப்பினேன்.

மூத்தவர் டீயைக் குடித்தபடியே என் தலைக்கு மேலே பார்த்தார். என் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், கண்ணாடி போட்டு எங்கள் லைசென்ஸ் தொங்குகிறது. எழுந்துபோய் வாசித்தார். "மோளே, இதின்டெ தேதி நோக்கியோ?" என்றார் மலையாளத்தில், தேதியைப் பார்த்தாயா என்று, கோபமே இல்லாமல்.

நாலு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த கிளார்க் புதுப்பிக்கவில்லை. நான் மூன்று வருஷமாக அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், திரும்பிப் பார்த்தேனா?

பன்னிரண்டு செட்டும் சாக்கில் போயின. பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஜூன் 20

ஆபீஸ் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 24

மழை விடவில்லை. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஊதல் என்றால் லாரி, மூன்று என்றால் யானை. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்பதில்லை. சேதி சொல்ல ஆள் நடக்கிறான், நாற்பது நிமிடம். இல்லையென்றால் சகாயம் ஜீப்பில் போகிறார். தொழிலாளர் லயத்தில் என்னைப் பார்த்தால் பெண்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

குருவம்மாளைப் பார்க்கப் போனேன். அவளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"எங்காலுக்காக லெட்டர் போட்டேன்னு சொல்லுத. என்னையக் கேட்டியாட்டி?" என்றாள்.

கேட்கவில்லை. அவளுக்காகத்தான் எழுதினேனா? இல்லை, அந்த சுலைமானிக் குரல் மேல் இருந்த எரிச்சலிலா? எவ்வளவு யோசித்தாலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 1

புது லைசென்ஸுக்கு நானே விண்ணப்பம் போடுகிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். ஏஜென்ட் வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். வீம்புதான்.

விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை, செட் வாங்கிய ரசீது, விற்றவர் லைசென்ஸ். பத்தாயிரம் செட் வைத்திருக்கும் கம்பெனிக்கும் பன்னிரண்டு வைத்திருக்கும் எங்களுக்கும் ஒரே பாரம். அதையே நாலு மேசை பார்க்க வேண்டும்.

சிக்னல் கிடைக்கும் பள்ளிக்கூட வளைவுக்குப் போய் இலாகாவின் இணையதளத்தில் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது. இந்த விதிகளையே மாற்றப் போகிறார்களாம். சின்ன இடத்துக்குள் பேசுகிற தொழில்களுக்கு எளிய அனுமதி, பலருக்கும் பொதுவாக ஒரு அலைவரிசை. வரைவு போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம்.

யார் வேண்டுமானாலும் என்றால் நானுமா?

ஜூலை 4

ரிசார்ட்டு மேனேஜர் வந்தார். அப்பாஸ் என்று பெயர், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா கம்ப்ளெய்ன்ட் எழுதினது?"

"நாந்தான்."

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமுங்க. ஆன்லைன்ல வாங்குன செட்டுங்க. லைசென்ஸ் வேண்டாம்னு அட்டைலயே போட்டிருந்துச்சு. இந்த அலைவரிசைல இன்னொருத்தர் இருக்கறதே எங்களுக்குத் தெரியாதுங்க."

"நடுவுல சத்தம் கேக்கலையா ஒங்களுக்கு?"

"கேட்டுச்சுங்க. யாரோ சீனி போட்டா போடாமயான்னு கேட்டாங்க. எங்க கிச்சன்னு நெனச்சுட்டோம்."

எனக்கு முகம் எரிந்தது. பிறகு குருவம்மாளைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அதுவரை தெரியாது. குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "அந்தம்மா ஊடு எதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 12

அப்பாஸும் நானும் சேர்ந்து அந்த வரைவுக்குக் கருத்து அனுப்பினோம். ஒன்றரைப் பக்கம். ஒரு மலையில் யார் யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று பக்கத்துக்காரருக்குத் தெரிய வேண்டும். லைசென்ஸ் முடியும் முன்பே நினைவூட்ட வேண்டும். செட்டைப் பிடித்தாலும், ஆபத்து நேரத்துக்கு ஒன்றை விட்டு வைக்க வேண்டும். மூன்றாவதை நான் எழுதினேன்.

ஒரே அலைவரிசையை இருவரும் பகிர்ந்துகொள்கிறோம் என்று விண்ணப்பத்தோடு கடிதமும் வைத்தோம். சார் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 26

மூன்றாம் டிவிஷனுக்கு மேலே மண் சரிகிறது என்று காலையில் ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். அங்கே பதினாலு பேர் கொழுந்து கிள்ளுகிறார்கள். செட் இல்லை. சகாயத்தைத்தான் அனுப்பினேன். நானேதான் "போங்க" என்றேன்.

பதினோரு மணிக்குப் போனார். பன்னிரண்டு. இரண்டு. அந்தப் பதினாலு பேரும் வேறு பாதையில் நடந்தே வந்துவிட்டார்கள். ஜீப்பைப் பார்க்கவே இல்லையாம். மேசை மேல், செட் இருந்த எடத்துல வெறும் வயர் கிடக்கு. அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். கர்த்தாவே. நாலு. அஞ்சு. ஒரு சத்தம் வரட்டும், எதுனா ஒரு சத்தம்—

ஆறேகாலுக்கு வந்தார். உடம்பெல்லாம் சேறு. முன்னாலும் சரிந்து பின்னாலும் சரிந்து, நடுவில் ஜீப்போடு மாட்டிக்கொண்டாராம்.

"ஏழு மணி நேரம். இருக்கனா செத்தனான்னு சொல்லக்கூட வழியில்ல. ஒரு லெட்டர் போட்ட பாரு, நல்லா போட்ட" என்றார். அதன்பிறகு பேசவில்லை.

ஜூலை 31

இன்னும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 12

கருத்துச் சொன்னவர்களை வீடியோவில் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். சிக்னலுக்காகப் பள்ளிக்கூட வளைவு வரை ஏறினேன். அப்பாஸ் குடை பிடித்தார். எனக்கு முன்னால் பேசியவர் துறைமுகத்துக்காரர். நாலாயிரம் செட்டாம். என் முறை வந்ததும், "உங்களிடம் எத்தனை?" என்று கேட்டார்கள்.

"பன்னிரண்டு. இப்போ ஒண்ணும் இல்ல" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டேன். குருவம்மாளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் லைசென்ஸ் முடிந்திருந்ததையும், அது என் முதுகுக்குப் பின்னாலேயே தொங்கியதையும் சொன்னேன். மண் சரிந்த நாளைத் தொடங்கும்போது லைன் அறுந்துவிட்டது. திரும்ப இணைந்தபோது வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார். கேட்டார்களா, எழுதிக்கொண்டார்களா, ஒன்றும் தெரியாது.

போவதற்கு முன் இந்த முறை குருவம்மாளைக் கேட்டேன், உன் பேரைச் சொல்லலாமா என்று. "அப்பன் பேரையும் சேத்துச் சொல்லு, எந்தக் குருவம்மான்னு தெரியணும்லா" என்றாள்.

செப்டம்பர் 17

அனுமதி வந்துவிட்டது. பழைய விதிப்படிதான். புது விதி எப்போது வரும், நாங்கள் கேட்டதில் ஒன்றாவது அதில் இருக்குமா, யாருக்கும் தெரியவில்லை. அலைவரிசை எங்களுக்கும் ரிசார்ட்டுக்கும் பொது. அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்காதபடி தனித்தனிக் குறியீடு, ஆபத்துக்கு மட்டும் இருவருக்கும் கேட்கும் சேனல் ஒன்று. பொறுப்பாளர் என்ற இடத்தில் சிவப்பிரகாஷ் சார் என் பெயரை எழுதியிருக்கிறார். கேட்காமலே.

செப்டம்பர் 24, புதன்

செட்டுகள் மலைக்குப் போன முதல் நாள். ஏழு மணியிலிருந்து, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் 'ஓவர்' சொல்லி, பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்பதரைக்குப் பொதுச் சேனலில் அப்பாஸ்: "எஸ்டேட் ஆபீஸுங்களா? மேல் ரோட்டுல மரம் சாஞ்சிருக்குங்க. வண்டி விடாதீங்க." உடனே லாரியை நிறுத்தச் சொன்னேன். எல்லா டிவிஷனும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னது.

ஜீப் மட்டும் சொல்லவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன். பிறகு கரகரவென்று சகாயத்தின் குரல்.

"மரத்துக்கு இந்தப் பக்கம் நிக்கேன். ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். மலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "நிமி, இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன். 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டேன்.